தமியான் அடிகளார்

பசிபிக் மாகடலின் நடுவே, எக்கண்டத்திற்கும் நெடுந்தொலைவில், ஹவாய்த் தீவுகள் அமைந்துள்ளன. ஆழ்கடலின் அடித்தரையினின்று எழுந்து நீருக்கு மேலே தலைகாட்டும் எரிமலைகளே அத்தீவுகள். அவற்றுள் ஒன்று மொலொக்காய். அத்தீவின் கிழக்குப் பகுதி முழுவதும் முன்னொரு காலத்தில் ஒரே பெருமலையாய் விளங்கிற்று. பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்னர் அம்மலையின் வடபாதி அப்படியே சரிந்து கடலுள் வீழ்ந்தது. எஞ்சிய பாதி, வாளால் அரிந்து நிறுத்தினாற்போலச் செங்குத்தான பாறைச் சுவராய்க் கடலோரத்தில் நிலைத்தது.

அச்சுவரின் அடியில், சில இலட்சம் ஆண்டுகளுக்கு முன், கடலினின்றும் சிறியதோர் எரிமலை புதிதாய் எழுந்தது. அது வெடித்துச் சிதறும் இயல்பினதன்று. அதன் வாயினின்று உருகிய பாறைக்குழம்பு, பாகுபோல மெல்ல வழிந்து நாற்புறமும் பரவிற்று. பரவிய குழம்பு ஆறி இறுகும்; அதன்மேல் மற்றொரு குழம்பு வந்து படியும். இவ்வாறு அடுக்கடுக்காய்ப் படிந்து, மலைச்சுவரின் அடியிலிருந்து கடலுக்குள் நீட்டிய நாவைப் போலத் தாழ்ந்த சமவெளி ஒன்று உண்டாயிற்று. கலாவுபாபா என்பது அதன் பெயர். தட்டையான நிலம் என்பது அந்நாட்டு மொழியில் அப்பெயருக்குப் பொருள் கூறுவர். சமவெளியின் நடுவே கௌஹாக்கோ என்னும் எரிமலை வாய் இன்றும் உளது. அதன் அடியில் ஒரு சிறு குளம். மேற்பரப்பிற் சிறிதேயாயினும், அதன் ஆழம் 240 மீட்டருக்கும் மிகுதி.

இச்சமவெளியின் மூன்று புறமும் அலைகடல். நான்காம் புறத்தில் ஏறக்குறைய 600 மீட்டர் உயர்ந்த பாறைச் சுவர். மேலிருந்து கீழே இறங்க ஒற்றையடிப் பாதை ஒன்றே உண்டு. எனினும் பழங்காலத்தில் அஃது அச்சந்தரும் இடமாக இருந்ததில்லை. ஹவாய் மக்கள் பல நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்தனர். கருங்கற்களை அடுக்கிக் காற்றைத் தடுத்து, அவற்றின் மறைவிலே சர்க்கரைவள்ளி பயிரிட்டனர். கடலில் மீன் பிடித்தனர். இயற்கை அந்நிலத்தைச் சிறைச்சாலையாகப் படைக்கவில்லை. மக்களே அவ்வாறு ஆக்கினர்.

அவ்வாறு ஆக்கிய காரணம் தொழுநோய். வெளிநாட்டினர் வந்து புகுந்தபின் தீவு மக்களிடையே பல நோய்கள் பரவின. அவற்றை எதிர்க்கும் ஆற்றல் அம்மக்களின் உடலில் இல்லை. தொழுநோய் பெருகக் கண்ட அரசினர் பெரிதும் அஞ்சினர். ஐந்தாம் கமேகமேகா மன்னர் 1865-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒரு சட்டத்திற்கு இசைவளித்தார். நோயுற்றோர் எவராயினும் அவரைப் பிடித்துத் தனியே ஒதுக்கி வைக்கலாம் என்பது அச்சட்டம். 1866-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் ஆண்களும் பெண்களுமாக முதல் 12 பேர் கலாவுபாபாச் சமவெளியின் கீழ்க்கரையில் இறக்கி விடப்பட்டனர். கணவனிடமிருந்து மனைவியும், தாயிடமிருந்து சேயும் பிரிக்கப்பட்டனர். பிரிவைப் பொறாத சிலர், தமக்கு நோய் இல்லாதிருந்தும், நோயுற்ற உறவினருடன் தாமும் வந்து அக்கரையிலே தங்கினர். கோக்குவா, அஃதாவது துணைவர், என்று அவர்களை அழைத்தனர். இவர்களுடைய பெயர்கள் வரலாற்றிற் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

வந்தவர்கள் தாமே உழுது பயிரிட்டு உண்பர் என அரசினர் எண்ணினர். விரல் இழந்தவரும் கண் மங்கியவரும் எவ்வாறு உழுவர்? கீழ்க்கரையிலுள்ள கலவாவோ என்னும் சேரியில் மழையும் குளிர்காற்றும் மிகுதி. புல்லாலும் இலையாலும் வேய்ந்த குடில்களில் அவர்கள் நெருக்கமாய்க் கிடந்தனர். குடிநீரைத் தொலைவிலிருந்து சுமந்து வர வேண்டும். மருத்துவர் இல்லை, செவிலியர் இல்லை. வலுவுள்ளோர் மெலிந்தோரின் உணவைப் பறித்தனர். கீ என்னும் செடியின் வேரினின்று மது வடித்துக் குடித்துத் தம்மை மறந்தனர் பலர். இறந்தோரை ஆழமில்லாக் குழிகளில் இட்டு மூடினர்; பன்றிகளும் நாய்களும் அவற்றைக் கிளறின.

இத்தகைய இடத்திற்குத் தாமாகவே விரும்பிச் சென்று, பதினாறு ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, அம்மண்ணிலேயே மடிந்தவர் தமியான் அடிகளார்.

அவர் ஐரோப்பாவில் உள்ள பெல்ஜிய நாட்டில், திரேமலோ என்னும் சிற்றூரில், 1840-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோசேப்பு. தந்தையார் உழவும் தானிய வாணிகமும் செய்தவர். யோசேப்பு அவருக்கு ஏழாம் மகவு. உடல்வலிமை மிக்க இளைஞர். மண்ணில் உழைத்துப் பழகிய கைகளை உடையவர். தம் வாணிகத்தை இம்மகன் நடத்துவான் எனத் தந்தை நம்பிப் பிரெஞ்சு மொழி பயிலுமாறு வேற்றூர்ப் பள்ளிக்கு அனுப்பினார். மகனின் உள்ளமோ துறவை நாடிற்று. தமையனார் பாம்பில் முன்னரே லூவேன் நகரில் துறவு மடம் ஒன்றிற் சேர்ந்திருந்தார். 1859-ஆம் ஆண்டு சனவரியில், தந்தையுடன் தமையனைக் காணச் சென்ற யோசேப்பு, மடத்திலேயே தங்கிவிட்டார். தந்தை தனியே ஊர் திரும்பினார். வீட்டாரிடம் விடைபெறும் வேளை வந்தால் உள்ளம் தளர்ந்துவிடுமோ என அவர் அஞ்சினார் போலும்.

மடத்தில் அவருக்கு முதலில் உயர்நிலை கிட்டவில்லை. சமயகுருவாதற்கு இலத்தீன் மொழிப் புலமை வேண்டும். அவர் அதனை அறியார். ஆகவே ஏவலான பணிகளைச் செய்யும் உடன்பிறப்பாக மட்டுமே அவரை ஏற்றனர். ஓய்வு வேளைகளில் தமையனிடம் சில சொற்களாகத் தொடங்கி, விரைவிலே அம்மொழியை அவர் கற்றுத் தேர்ந்தார். அதனைக் கண்டு வியந்த மேலோர் தம் முடிவை மாற்றிக்கொண்டனர். துறவு பூண்டபோது அவர் ஏற்ற பெயரே தமியான் என்பது. ஹவாய் மொழியில் தகர ஒலியில்லை. ஆதலின் அம்மக்கள் கமியானோ என்று அவரை அழைத்தனர். தமிழிலே தமியன் என்பது தனித்தவன் எனப் பொருள்படும். அச்சொல்லுக்கும் இப்பெயருக்கும் பிறப்பாற் சிறிதும் தொடர்பு இல்லை. ஆயினும் அவரது வாழ்க்கையை அறிந்தோர்க்கு அது நினைவிற்கு வாராமற் போகாது.

ஹவாய்த் தீவுகளுக்குத் தொண்டாற்றச் செல்லுமாறு பணிக்கப்பட்டவர் தமையனாரே. பயணத்திற்குச் சிறிது முன்னர் அவர் கொடிய காய்ச்சலுற்றுப் படுக்கையில் வீழ்ந்தார். அவருக்குப் பதிலாகத் தம்மை அனுப்புமாறு தமியான், உள்ளூர்த் தலைவரைக் கடந்து, பாரிசு நகரிலிருந்த தலைமைக்கு நேரே மடல் எழுதினார். முறை கடந்த செயல் அது. உள்ளூர்த் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் இசைவு கிடைத்தது. 1863-ஆம் ஆண்டின் இறுதியில் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 23. தாயாரிடம் விடைபெற்றதே இறுதிச் சந்திப்பாயிற்று. 1864-ஆம் ஆண்டு மார்ச்சு 19-ஆம் நாள் ஹொனலூலுத் துறைமுகத்தை அடைந்தார். அவ்வாண்டு மே 21-ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார்.

முதல் ஒன்பதாண்டுகள் ஹவாய் என்னும் பெருந்தீவிலே கழிந்தன. கிலௌவேயா எரிமலையின் சரிவிலுள்ள பூனா வட்டாரம் அவருக்கு முதலில் அளிக்கப்பட்டது. பக்கத்து வட்டாரமோ மிகப் பரந்தது. அதன் குருவோ மெலிந்த உடலினர். அதனை அறிந்த தமியான் தம் வட்டாரத்தை அவருக்குக் கொடுத்து, அப்பெரும் வட்டாரத்தைத் தாம் ஏற்றார். மலையேறியும் பள்ளத்தாக்கு இறங்கியும் ஊர்தோறும் நடந்தார். மரம் சுமந்து, பலகை அறுத்து, ஆணியடித்துக் கோவில்களைத் தம் கையாலேயே கட்டினார். அம்மக்களின் மொழியைப் பேசவும் கற்றார். அவ்வூர்களிலிருந்து நோயுற்றோர் பலர் பிடித்துச் செல்லப்படுவதையும் அவர் கண்டார். சென்றவர் ஒருவரும் மீளவில்லை.

1873-ஆம் ஆண்டு மே மாதம் மாவுயித் தீவில் ஒரு கோவிலின் திறப்பு விழா நிகழ்ந்தது. அங்குக் கூடிய குருமார்களிடம், மொலொக்காயில் ஒதுக்கப்பட்ட மக்களுக்கு உற்ற துணையாவார் ஒருவரும் இலரே என ஆயர் மெக்ரே வருந்திக் கூறினார். எவரையும் அங்கே செல்லுமாறு ஏவ அவர் மனம் ஒருப்படவில்லை. அஃது அவர்களைச் சாவுக்கு அனுப்புவது போலாகும் என எண்ணினார். நால்வர் முன்வந்தனர். ஒருவர்பின் ஒருவராய்ச் சிலகாலம் தங்கி மாறுவது என ஏற்பாடாயிற்று. முதலிற் சென்றவர் தமியான். மே 10-ஆம் நாள், நோயாளர் ஏறிய கப்பலிலேயே சென்று, கலாவுபாபாவில் அவர் இறங்கினார். அவருக்கு வயது 33. தங்குவதற்கு வீடு இல்லாமையால், கலவாவோவில் இருந்த சிறு கோவிலை அடுத்து நின்ற ஒரு தாழை மரத்தின் அடியிலே பல இரவுகள் உறங்கினார். முறை மாறவேண்டிய காலம் வந்தும் அவர் திரும்ப விரும்பவில்லை.

அவ்வாண்டிலேயே, உலகின் மறுகோடியிலுள்ள நார்வே நாட்டில், ஆன்சன் என்னும் மருத்துவர், தொழுநோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிரே எனக் கண்டறிந்தார். அதுவரை அந்நோய் பரம்பரையாக வருவது என்றும், தீயொழுக்கத்தின் பயன் என்றும் பலர் நம்பினர். ஆன்சனின் கண்டுபிடிப்பு, நோயாளரைக் குற்றவாளிகளாக எண்ணும் வழக்கத்தை வேரறுத்திருக்க வேண்டும். ஆனால் மக்களின் அச்சம் அறிவுக்கு விரைவில் பணிவதில்லை.

தொடக்கத்தில் அடிகளாரும் அஞ்சாமல் இருந்தாரல்லர். புண்களின் நாற்றம் அவருக்குப் பொறுக்க முடியாததாயிருந்தது. குடில்களுள் இருந்து வெளியே ஓடிவந்து காற்றை நாடியதுண்டு. நாற்றத்தை மாற்றும் பொருட்டுப் புகைக்குழாய் பிடிக்கப் பழகினார். நாளடைவில் அருவருப்பு நீங்கிற்று. அதன்பின் அவர் நோயாளரின் புண்களைக் கழுவிக் கட்டினார். அவர்களோடு ஒரே கலத்தில் கைவிட்டு உண்டார். எவரையும் தொடாதே எனப் பிறர் அவருக்கு அறிவுறுத்தியிருந்தனர். தொடாமல் தொண்டு செய்வது எங்ஙனம் எனக் கண்டுகொண்டார் அவர். தீண்டாத கையை அம்மக்கள் நம்பவில்லை.

முதற்கண் இறந்தோரைப் பேணினார். இடுகாட்டைச் சுற்றி வேலியிட்டு விலங்குகள் புகாமற் செய்தார். சவப்பெட்டியின்றி எவரையும் புதைத்தல் ஆகாது எனத் துணிந்து, நூற்றுக்கணக்கான பெட்டிகளைத் தாமே தச்சுவேலை செய்து ஆக்கினார், குழிகளையும் தோண்டினார். பின்னர் உயிருள்ளோரின் தேவைகளைக் கவனித்தார். அருகிலுள்ள பள்ளத்தாக்கிலே வற்றாத நீர்நிலை ஒன்றைத் தேடிக் கண்டார். அரசினரை வற்புறுத்திக் குழாய்கள் பெற்று, நோயாளருள் வலுவுள்ளோரின் உதவியுடன் அவற்றைப் பதித்துச் சேரிக்குக் குடிநீர் கொணர்ந்தார். 1874-ஆம் ஆண்டில் வீசிய புயல் பல குடில்களை வீழ்த்திற்று. அதனையே வாய்ப்பாகக் கொண்டு மரங்கேட்டு வாங்கி, தரைக்கு மேலே உயர்ந்த பலகை வீடுகள் அமைத்தார். தாய் தந்தையற்ற சிறார்க்கு விடுதிகள் எழுந்தன. பாடற்குழு ஒன்றும் உருவாயிற்று. விரலிழந்தோரும் இசைக்கருவி பயின்றனர். இறுதி ஊர்வலங்களில் அவர்கள் இசைத்து நடந்தனர்.

கோவில் இடம் போதாமையால் 1876-ஆம் ஆண்டில் அதனைப் பெரிதாக்கினார். நோயின் கொடுமையால் வாயில் ஊறும் நீரை அடிக்கடி உமிழ வேண்டிய நிலையினர் கோவிலுக்கு வர நாணி விலகி நின்றனர். அதனை உணர்ந்த அடிகளார் தரைப் பலகைகளில் சிறு சதுரத் துளைகளை இட்டார். இலையைச் சுருட்டி அத்துளையில் வைத்து அவர்கள் உமிழலாம். எவர் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை. அத்துளைகள் இன்றும் அக்கோவிலில் காணப்படுகின்றன. பெரிய கட்டடங்களைக் காட்டிலும் இச்சிறு துளைகள் அவரது உள்ளத்தை நன்கு காட்டுவன.

அடிகளாரிடம் குறைகளும் இருந்தன. அவர் முன்கோபம் உடையவர்; பிடிவாதம் மிக்கவர். மது வடிக்கும் இடங்களுக்குக் கைத்தடியுடன் சென்று பாண்டங்களை உடைப்பார். மரம் வேண்டும், துணி வேண்டும், மருந்து வேண்டும் என அரசினரை ஓயாது நச்சரித்தார். உடன்பணி செய்ய வந்த குருமாருடனும் ஒத்துப்போக அவரால் இயலவில்லை. அவர்தம் மடல்கள் அயல்நாட்டு இதழ்களில் வெளிவந்து புகழ் பரவியபோது, அவர் தற்பெருமை விரும்புகிறார் என மேலோர் சிலரே குறைகூறினர். அக்குறை கேட்டு அவர் பெரிதும் வருந்தினார்.

எல்லாவற்றினும் கொடியது தனிமை. சேரிக்குட் புகுந்தவர் எவரும் வெளியேறலாகாது என அரசினர் ஒரு காலத்தில் ஆணையிட்டிருந்தனர். அந்த ஆணை அடிகளாரையும் கட்டிற்று. அக்காலத்தில் அவருடைய தலைவர்களுள் ஒருவர் கப்பலில் வந்தார். அவர் கரையில் இறங்க இசைவில்லை; அடிகளார் கப்பலில் ஏறவும் இசைவில்லை. தம் குற்றங்களை மற்றொரு குருவிடம் தனியே கூறி மன்னிப்புப் பெறுவது கத்தோலிக்கர் வழக்கம். அடிகளார் சிறுபடகில் சென்று கப்பலின் அருகே நின்று, மேலே நின்ற தலைவரை நோக்கி, அலையோசையினும் மேலாகக் குரலெழுப்பித் தம் குற்றங்களைப் பிரெஞ்சு மொழியில் உரைத்தார். கப்பலில் நின்றவர் அனைவர் செவியிலும் அது விழுந்தது.

1881-ஆம் ஆண்டில், நாட்டை அப்போது ஆண்டுகொண்டிருந்த இளவரசி லிலியுஒகலானி அச்சேரிக்கு வந்தார். கூடிநின்ற நோயாளரைக் கண்டு உரையாற்றத் தொடங்கியவர், கண்ணீர் பெருகப் பேச்சற்று நின்றார். ஊர் திரும்பியதும் அடிகளாருக்கு அரசின் உயர்ந்த விருதொன்றை அனுப்பினார். அப்பதக்கத்தை அவர் பெரும்பாலும் அணிந்ததில்லை.

1884-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் ஒரு நாள், களைத்து வந்த அடிகளார் காலைக் கழுவ வெந்நீரில் வைத்தார். நீர் கொதிநிலையில் இருந்தது. தோல் வெந்து கொப்புளித்தது. அவருக்கோ சூடு தெரியவில்லை. உணர்ச்சியறுதல் தொழுநோயின் அறிகுறி என்பதைப் பதினோராண்டுகளாகப் பிறர் உடலிற் கண்டவர் அவர். மருத்துவர் பின்னர் அதனை உறுதி செய்தபோது அவர் வியப்புறவில்லை.  இச்செய்தி இதழ்கள் வாயிலாகப் பெல்ஜியத்திலிருந்த முதிய தாயாருக்கு எட்டிற்று. 1886-ஆம் ஆண்டில் அவ்வன்னையார் உயிர் நீத்தார்.

நோய் வந்தபின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. முன்னினும் விரைந்து உழைத்தார். தொடங்கிய பணிகளை ஏற்று நடத்த ஒருவரும் இல்லையே என்பதே அவரது கவலை. அக்கவலை தீருமாறு துணைவர் ஒருவர்பின் ஒருவராய் வந்தனர். 1886-இல் அமெரிக்கப் போர்வீரராய் இருந்த யோசேப்பு தத்தன் வந்தார்; அவர் அங்கே நாற்பதாண்டுகளுக்கும் மேலாகத் தொண்டு புரிந்தார். 1888 நவம்பரில் அன்னை மரியான் கோப் தம் தோழியர் இருவருடன் வந்து பெண்களையும் சிறுமியரையும் பேணும் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு திசம்பரில் எட்வர்டு கிளிப்போர்டு என்னும் ஆங்கில ஓவியர் அவரைக் காண வந்தார். அந்தமான் தீவுகளில் வளரும் ஒருவகை மரத்தினின்று வடித்த குர்சன் எண்ணெயை அவர் கொணர்ந்தார். தொழுநோய்க்கு அது நன்மருந்து என இந்தியாவில் அக்காலத்தில் கருதப்பட்டது. அடிகளாருக்குச் சிறிது தெம்பு தோன்றிற்று, நோய் நீங்கவில்லை. ஓவியர் தம்மைத் தீட்டிய படத்தைக் காண்கையில்தான், நோய் தம் முகத்தை எவ்வளவு உருமாற்றியுள்ளது என்பதை அடிகளார் உணர்ந்தார் என்பர்.

1889-ஆம் ஆண்டு ஏப்பிரல் 15-ஆம் நாள் அவர் உயிர் துறந்தார். வயது 49. முதல் இரவுகளில் தமக்கு நிழலாய் நின்ற தாழை மரத்தடியிலேயே, அவர் விரும்பியவாறு அடக்கம் செய்தனர்.

அவர் மறைந்த மறுமாதம் ஸ்காட்லாந்து எழுத்தாளர் இராபர்ட் லூயி ஸ்டீவன்சன் கலாவுபாபாவிற்கு வந்து ஒரு கிழமை தங்கினார். அடிகளாரின் குறைகளையும் அவர் அங்குள்ளோர் வாயிலாகக் கேட்டறிந்தார். பின்னர் ஹொனலூலுவில் வாழ்ந்த சமயத் தலைவர் ஒருவர் அடிகளாரின் ஒழுக்கத்தை இழித்து எழுதினார். ஸ்டீவன்சன் அவரது சமயப் பிரிவைச் சார்ந்தவரல்லர். எனினும் சினந்தெழுந்து 1890-இல் ஒரு திறந்த மடல் வெளியிட்டு அப்பழியை மறுத்தார். குறைகளை மறைக்காமலே அவர் மறுத்தமையால் உலகம் அதனை நம்பிற்று.

1946-ஆம் ஆண்டில் சல்போன் என்னும் மருந்துகள் கலாவுபாபாவிற்கு வந்தன, நோய் அடங்கிற்று. ஆயினும் ஒதுக்கி வைக்கும் சட்டம் 1969-ஆம் ஆண்டில்தான் நீங்கிற்று. அந்த நூறாண்டுக் காலத்தில் ஏறக்குறைய 8,000 பேர் அச்சமவெளிக்கு அனுப்பப்பட்டனர். சட்டம் நீங்கிய பின்னரும், வெளியுலகில் தமக்கு உறவென்று எவரும் எஞ்சாமையால், பலர் அவ்விடத்திலேயே வாழ்ந்தனர். 1980-ஆம் ஆண்டில் அது தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் உரோமையில் அடிகளாருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, 1936-ஆம் ஆண்டில், பெல்ஜிய அரசினர் வேண்டியதன்பேரில் அடிகளாரின் உடல் கலவாவோவினின்று தோண்டி எடுக்கப்பட்டு, கடல் கடந்து தாய்நாட்டை அடைந்தது. அரசரே துறைமுகத்திற்கு வந்து அதனை வரவேற்றார். பின் லூவேன் நகரில் நல்லடக்கம் செய்தனர். கலாவுபாபா மக்களோ, தமக்கு உரியவரைப் பிறர் கொண்டு செல்வதாக எண்ணிக் கண்ணீர் வடித்தனர். ஏறக்குறைய அறுபதாண்டுகள் அவர்கள் அக்குறையை மறக்கவில்லை. 1995-ஆம் ஆண்டில் அவரது வலக்கையின் எலும்புகள் மட்டும் மொலொக்காய்க்கு மீண்டன. புண்களைக் கட்டியதும், பலகை அறுத்ததும், குழி தோண்டியதுமான அந்தக் கையைப் பேழையில் இட்டு, கலவாவோவில் வெறுமையாய்க் கிடந்த பழைய கல்லறையிலேயே அம்மக்கள் புதைத்தனர்.